சொல்லாமல் கட்டிய கட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நான் சௌக்கியம். போன இடத்தில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, தூக்கம் வருகிறதா, முதுகு வலி எப்படி இருக்கிறது? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று திகைக்காதீர்கள். போனில் நீங்கள் பேசுகிற லட்சணம் எனக்குத்தானே தெரியும். நான் மூச்சு விடாமல் பேசினால் அந்தப் பக்கம் ஒரு "ம்". கோபப்பட்டால் இரண்டு "ம்". நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற மனிதரின் மனசை "ம்"மை வைத்து ஜோசியம் பார்க்க என்னால் ஆகாது. எழுதுங்கள். எழுதும்போது நீங்கள் வேறு ஆள். நம் ஆஸ்பத்திரி லிஃப்ட் பற்றி நிர்வாகத்துக்கு நீங்கள் எழுதிய புகாரைப் படித்திருக்கிறேன், அவ்வளவு தெளிவு.

கணுக்கால் முழுக்கச் சரியாகிவிட்டது. சலவைப் பிரிவில் எல்லாம் பழையபடிதான். பெரிய இயந்திரம் மறுபடி தண்ணீர் கக்குகிறது, நாங்கள் ரப்பர் பூட்ஸோடு குளத்தில் நிற்கிற மாதிரி நின்று விரிப்புகளை மடிக்கிறோம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் மாடியில்தான் இருக்கிறார்கள். உங்களை விசாரித்தார்கள்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். என் முதல் புருஷனுக்கு வேலை போனது எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் தெரியும். தினமும் காலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு கிளம்பிப் பூங்காவில் போய் உட்கார்ந்திருக்கிறார். வேலை போனதை நான் தாங்கியிருப்பேன். அந்தச் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் கேட்கிறேன்: உங்களைப் பற்றி எனக்குப் பின்னால் தெரியப்போவது ஏதாவது இருந்தால், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சலவைப் பிரிவு சூப்பர்வைசர்

*

பிப்ரவரி 24

மதிப்புக்குரிய சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

தண்ணீர் ஒத்துக்கொண்டது. தூக்கம் வருகிறது. முதுகு வலி போன மாதத்தைவிடப் பரவாயில்லை. கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லிவிட்டேன்.

கட்டடம் இன்னும் எலும்புக்கூடாகத்தான் நிற்கிறது. முப்பது மாடிக்கும் லிஃப்ட் ஓடவேண்டிய பொந்து மட்டும் மேலிருந்து கீழ் வரை திறந்து கிடக்கிறது. அதற்குள் சாரத்தில் நின்றுகொண்டு, லிஃப்ட் கூண்டு ஏறி இறங்குகிற வழித்தடக் கம்பிகளை நேர் பார்க்கிறோம். ஒரு நூல் பிசகினாலும் பிற்பாடு கூண்டு ஆடும். மேஸ்திரி நல்ல மனிதர், ஆனால் குரல் மட்டும் பத்தாவது மாடியிலிருந்து முதல் மாடிக்குக் கேட்கும். நாங்கள் நான்கு பேர் ஒரே அறை. ஜன்னல் பக்கம் எனக்குக் கிடைத்தது.

ஆகஸ்டில் இங்கே வேலை முடிந்துவிடும் என்கிறார்கள். திரும்பி வந்ததும் பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கலாம். என் அக்காவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்கு: ஒன்று இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஈரத்திலேயே நிற்காதீர்கள்.

உங்கள்,
லிஃப்ட்காரர்

*

மார்ச் 6

லிஃப்ட்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள், நான் கேட்டதற்குப் பதில் எழுதும் வரையாவது.

"ஒன்று இருக்கிறது" என்று எழுதிவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்க முடியுமா? எனக்குத் தூக்கம் போய்விட்டது. விரிப்பு மடிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். குறட்டையா? அதைப் பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம். வேறு ஊரில் ஒரு குடும்பமா? அப்படியென்றால் அவர்கள் விலாசத்தை அனுப்புங்கள், அந்த அம்மாவுக்கும் நானே எழுதிவிடுகிறேன். உடம்புக்கு ஏதாவது பெரிய நோயா? அதுதான் பயமாக இருக்கிறது.

நோய் என்றால் உடனே போன் செய்யுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்து முழுசாக எழுதுங்கள். பாதி சொல்லி நிறுத்துகிற வேலை வேண்டாம். லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தினால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

இப்படிக்கு,
நடுவில் நிற்பவள்

*

மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேறு குடும்பமும் இல்லை. நிம்மதியாக மேலே படியுங்கள்.

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைத்தால் அசிங்கமாகிறது என்று தெரிந்ததால் நேராகவே எழுதுகிறேன்.

எனக்குப் பெண்களின் பாதங்கள் மேல் ஆசை. மரியாதையையோ அழகு பார்ப்பதையோ சொல்லவில்லை. மற்றவர்களுக்கு வேறு எதன் மேலெல்லாம் உடம்பின் ஆசை வருமோ, எனக்கு அது பாதத்தின் மேல் வருகிறது. விவரம் தெரிந்த வயதிலிருந்தே அப்படித்தான். வெகு காலம் நான் ஒருவன்தான் இப்படிக் கோணலாகப் பிறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். முப்பது வயதில் தைரியம் வந்து ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது நெறைய பேருக்கு இருக்கு. வியாதி இல்ல. கூட இருக்கறவங்களுக்குத் தெரியணும், அவங்களுக்குச் சம்மதம் இருக்கணும். அவ்வளவுதான்." அவருக்கு அது அவ்வளவுதான். எனக்கு அந்த இரண்டும்தான் மலை.

உங்களுக்கு முன்னால் ஒரு இடத்தில் எனக்கு நிச்சயம் ஆகி நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். காரணத்தை நான் சொன்னதில்லை. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், அதைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த தடவை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம்" என்றார்கள். வீடு நிறைய ஆட்கள். திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் ஒன்றை நம்ப வேண்டும். உங்களைப் பிடித்ததற்கு இது காரணம் இல்லை. சரக்கு லிஃப்ட் ஈரத் துணியோடு நின்றுபோன அன்று என்னைப் பார்த்து, "இதென்ன லிஃப்டா, மாடியில கட்டின தொட்டிலா?" என்று கேட்டீர்களே, அன்றைக்கே பிடித்துவிட்டது. அன்று நீங்கள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தீர்கள்.

இதனால் உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. தெரியாமல் இருக்கக்கூடாது என்றுதான் எழுதினேன்.

உங்கள் பதில் எதுவானாலும்,
உங்கள் லிஃப்ட்காரர்

*

மே 2

லிஃப்ட்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலம் எப்படி என்று கேட்காமல் ஆறு வாரம் இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது, இவ்வளவுதானா என்று ஆறுதலாகத்தான் இருந்தது. துணியை மடித்துக்கொண்டே கொஞ்சம் சிரித்தேன்கூட. மற்றதை விடுங்கள், என் பாதத்தை நீங்கள் சரியாகப் பார்த்திருந்தால் உங்களுக்கே ஆசை விட்டுப்போயிருக்கும். ஈர பூட்ஸுக்குள் இத்தனை வருஷம் கிடந்ததில் விரலிடுக்கெல்லாம் புண், குதிகாலெல்லாம் வெடிப்பு. என் உடம்பிலேயே எனக்குப் பிடிக்காத இடம் அது. யாராவது வந்தால் சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்வேன்.

சிரித்து முடித்தபிறகுதான் ஜனவரி ஞாபகம் வந்தது.

உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான் வழுக்கி விழுந்தேன். நீங்கள்தான் ஓடி வந்தீர்கள். பூட்ஸைக் கழற்றி, "கட்டு போட்டு விடவா?" என்று கேட்டீர்கள். நான் சரி என்றேன். கட்டினீர்கள். பிறகு, இறுக்கமாக இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி கட்டினீர்கள். "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இவ்வளவு பதமான கை ஒரு ஆணுக்கு இருக்குமா என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. உங்களைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்ததே அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான்.

அதனால் ஒரே ஒரு கேள்வி. அதை நீங்கள் எனக்குச் செய்கிற உதவி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது என்னவாக இருந்தது? மழுப்பாமல் எழுதுங்கள். மழுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும், பூங்காவில் உட்கார்ந்திருந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவள் நான்.

சூப்பர்வைசர்

*

மே 12

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறேன். கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நல்லவிதமாகச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடியதில் இரண்டு நாள் போய்விட்டது. வழி இல்லை.

முதல் தடவை கட்டியது உதவிதான். நீங்கள் விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது என் மனசில் பயத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கட்டு சரியாகத்தான் விழுந்தது.

அவிழ்த்து மறுபடி கட்டியது உதவி இல்லை. கட்டு இறுக்கமாக இருக்கவில்லை.

அதுதான் உண்மை. நீங்கள் சரி என்று சொன்னது கட்டு போடுவதற்கு. மற்றதற்கு நான் உங்களைக் கேட்கவே இல்லை, நீங்கள் சரி என்று சொல்லவும் இல்லை. நீங்கள் வலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று விட்டுவிட்டேன். முழுசாக எழுதச் சொன்னீர்கள், நான் எனக்குச் சௌகரியமான பாதியை எழுதினேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதுவது சுலபம், உங்களுக்கு அது இன்னொரு சுமை. நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தால், தப்பு என் பக்கம் என்று என் அக்காவிடம் நானே சொல்லிவிடுவேன். உங்களை யாரும் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்வேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும். முடிவு எதுவானாலும் இந்த விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். முன்பே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

லிஃப்ட்காரர்

*

மே 28

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். காய்ச்சல் எல்லாம் இல்லை, கோபம்தான். சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது, ஆனால் பற்களைக் கடித்துக்கொண்டே எழுந்திருக்கிறேன்.

"கட்டு இறுக்கமாக இருக்கவில்லை." அதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். மறுநாள் எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அந்த வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு இன்னொரு கடிதம் வந்திருக்காது. எழுதியதால்தான் இது வருகிறது. ஆனால் எழுதிவிட்டதால் சரியாகப் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உங்கள் ஆசை எனக்கு அருவருப்பாக இல்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். யாருக்கு எது பிடிக்கும் என்பதில் எனக்கு என்ன வழக்கு? என் வழக்கு வேறு. ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதானால்கூட "லேசா வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்கள். என் உடம்பில் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியவேண்டும். தெரியாமல் நான் சொல்கிற சரி, சரியே இல்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைத் தொடுவதென்றால் முன்னால் கேட்கவேண்டும். எதற்காக என்றும் சொல்லவேண்டும். உதவி என்றால் உதவி, ஆசை என்றால் ஆசை, இரண்டும் என்றால் இரண்டும். நான் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். அதற்கப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, சாப்பிடாமல் படுப்பது, பெருமூச்சு விடுவது எதுவும் கூடாது. இது உங்களால் ஆகாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் தனியாக நன்றாகவே இருந்திருக்கிறேன்.

கல்யாணத்தைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசர்

*

ஜூன் 9

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

நலம்.

நீங்கள் சொன்னது அத்தனையும் எனக்குச் சம்மதம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை போன் செய்தார். "மாமா, அக்காவுக்கு நெயில்பாலிஷ் வாங்கறேன். கால் விரலுக்கு எந்த கலர் நல்லா இருக்கும்னு உங்களத்தானே கேக்கணும்?" என்றார். பின்னாலிருந்து அவர் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நான் வேண்டிக்கொண்டதற்கு நீங்கள் பதில் எழுதாமல் விட்டது ஏன் என்று இப்போது புரிகிறது.

வேலை நிறைய இருக்கிறது.

லிஃப்ட்காரர்

*

ஜூன் 16

அன்புள்ள உங்களுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆமாம். சொல்லிவிட்டேன். மார்ச் மாதக் கடிதம் வந்த வாரமே. மாடிக்குப் போய்த் தங்கையிடம் அதைப் படித்தே காட்டினேன். தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, யாரிடமாவது கேட்கவேண்டும்போல இருந்தது என்று காரணம் சொல்லலாம். கேட்கவேண்டும் என்றால் உங்கள் பெயரைச் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறேன், டாக்டருக்கா பஞ்சம்? செருப்பு அடுக்கி வைத்த வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதையும் சேர்த்துத்தான் படித்துக் காட்டினேன். அதைப் படித்த வாயோடுதான் உங்களுக்கு நியாயம் எழுதினேன்.

நீங்கள் வேண்டிக்கொண்டது வந்தபோது ஏற்கெனவே காரியம் கெட்டிருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டேன். என் கடிதம் எவ்வளவு கோபமாக இருந்ததோ, அதில் பாதி இதை மறைக்கத்தான்.

உங்கள் கடிதம் வந்ததும் மாடிக்குப் போனேன். தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் போன் பண்ணியா?"

"சும்மா தமாசுக்குக்கா. மாமா கோவிச்சுக்கிட்டாரா?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொன்னே?"

"புருஷன்கிட்ட சொல்லாம இருக்க முடியுமா? நீ மட்டும் என்கிட்ட சொல்லலாமா?"

நின்றுகொண்டே சொன்னேன்: "நான் சொன்னது தப்பு. அது என்னோடது இல்ல, அவரோடது. எடுத்துக் குடுக்க எனக்கு உரிமையே இல்ல. இனிமே இந்த வீட்டுல இதப்பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா நான் மாடிப்படி ஏற மாட்டேன்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் வீட்டுக்காரர் ஹாலில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டதா என்று தெரியாது. அதை என்னால் துடைத்து எடுக்கவும் முடியாது.

நீங்கள் என்னைக் கேட்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள். நான் உங்களைக் கேட்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் தராசில் வைத்துச் சரியாகப் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. அப்படிக் கழித்துவிடுகிற சமாசாரம் இல்லை இது. தப்பு என்னுடையது, அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சூப்பர்வைசர்

*

ஜூலை 11

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், காரணம் எதுவும் சொல்லவில்லை.

தினமும் வேலை முடிந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். என்னை ஆறு வாரம் காத்திருக்க வைத்தீர்களே என்று நீங்கள் கேட்கலாம், கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் நான் சும்மா காத்திருக்கிற ரகம் இல்லை.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. காலை பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்குள் உங்கள் கட்டட வாசலில் வந்து நிற்க முடியும். நேரில் பேசவேண்டும். ஆனால் சொல்லாமல் வந்து நிற்க மாட்டேன். நான் வரலாமா? வரவேண்டாம் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் வரமாட்டேன், ஏன் என்று கேட்டு இன்னொரு கடிதமும் போடமாட்டேன்.

உங்கள்,
சூப்பர்வைசர்

*

ஜூலை 16

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

சௌக்கியம். வாங்க.

முன்வாசலில் சிமெண்ட் லாரிகள் நிற்கும், அந்தப் பக்கம் வரவேண்டாம். பின்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. அங்கே நிற்கிறேன்.

பத்திரமாக வாருங்கள்.

லிஃப்ட்காரர்

*

ஜூலை 24

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது, அதனால் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. நீங்கள் சாப்பிட்டீர்களா, முதுகுக்குச் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா?

அன்று நேரில் சொல்லாததை இப்போது எழுதவேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் எந்தச் செருப்பைப் போடுவது என்று வெகுநேரம் நின்றேன். மூடின ஷூ போட்டால் உங்களை நம்பவில்லை என்று ஆகும். புதுச் செருப்பு என்றால் வேறு அர்த்தம் வரும். கடைசியில் கோபம் வந்து, தினமும் போடுகிற தேய்ந்த செருப்பையே மாட்டிக்கொண்டு வந்தேன்.

இரும்புக் கதவுப் பக்கம் நீங்கள் நின்றிருந்தீர்கள். சட்டையை இஸ்திரி போட்டிருந்தீர்கள், காலரை மட்டும் மறந்திருந்தீர்கள். சலவைக்காரியான எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நடந்து போய் அந்த மரத்தடி பெஞ்சில் உட்காரும் வரை இருவரும் வெயிலைப் பற்றியே பேசினோம்.

பிறகு நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். "உங்க தங்கச்சி வீட்டுக்கு நான் வருவேன். சிரிக்கறவங்க சிரிக்கட்டும், அத நான் பாத்துக்கறேன். ஆனா உங்ககிட்ட சொன்னது இன்னொரு தடவ வெளிய போச்சுன்னா, அதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் சொல்ல என்னால முடியாது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னீர்கள். போகாது என்றேன். நீங்கள் நம்பினீர்களா என்று தெரியவில்லை. நம்ப வைக்கிற வேலை என்னுடையது.

பஸ்ஸில் கால் வீங்கிப்போயிருந்ததால் நான் என்னை அறியாமலே செருப்பைக் கழற்றினேன். அதை நீங்கள் பார்த்தீர்கள். சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டு எதிரே ஓடுகிற சாக்கடையைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டீர்கள்:

"கால் வீங்கியிருக்கு. அமுக்கி விடவா?" நான் பதில் சொல்வதற்குள் அவசரமாக, "உதவிக்குன்னு மட்டும் கேக்கல. எனக்கும் பிடிக்கும். ரெண்டும்தான். அதான் சொல்லிட்டுக் கேக்கறேன்" என்றீர்கள். காதெல்லாம் சிவந்து போயிற்று உங்களுக்கு.

நான் "வேண்டாம்" என்றேன்.

உங்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே வேண்டாம்போல இருந்தது. கூச்சமாக இருந்தது, குதிகால் வெடிப்பு ஞாபகம் வந்தது, இன்னும் கொஞ்சம் கோபமும் மிச்சம் இருந்தது.

"சரி" என்றீர்கள். அவ்வளவுதான். எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தீர்கள். லிஃப்ட் கூண்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்குகிற எடைக்கட்டையைத் தூக்கி மாட்டும்போது மேஸ்திரியின் பேனா பொந்துக்குள் விழுந்து முப்பது மாடி இறங்கிய கதையைச் சொன்னீர்கள். நான் கதையைக் கேட்கவில்லை, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு வாட்டம், ஒரு பெருமூச்சு வருகிறதா என்று. பஸ் கிளம்பி நீங்கள் கையசைக்கும் வரை பார்த்தேன். வரவில்லை. உள்ளுக்குள் வருத்தம் இருந்திருக்கலாம், அது உங்கள் சொந்த விஷயம். அதை என் தலையில் வைக்கவில்லை.

முதல் கல்யாணத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். நான் வேண்டாம் என்று சொன்ன எந்த நாளும் அப்படி முடிந்ததில்லை. ஒன்று கத்தல், இல்லையென்றால் மூன்று நாள் மௌனம். அதனால் வேண்டாம் என்று சொல்வதையே விட்டிருந்தேன். அது உங்களுக்குத் தெரியாது. தங்கைக்கும் தெரியாது. இதை உங்களிடம் மட்டும்தான் எழுதுகிறேன்.

பஸ் பாதி வழி வந்தபோது முடிவு செய்துவிட்டேன். செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அந்த வாரம் சரிப்படுமா என்று எழுதுங்கள். உங்கள் அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் என்மேல் கோபித்துக்கொள்வார்.

எனக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. சில நாட்கள் எனக்குத் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லாமல் தூங்கவேண்டும். உங்கள்மேல் கோபம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். முடியாது என்று தோன்றினால் முடியாது என்றே எழுதுங்கள். கூட உட்கார்ந்து வேறு வழி பார்ப்போம்.

உங்கள் விஷயத்தில் நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. சரி என்று சொல்கிற நாள் வரும் என்றுதான் நினைக்கிறேன். வராமலும் போகலாம். நீங்கள் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நான் சிரிக்கமாட்டேன். பதில் அன்றைக்கு எதுவோ அதைச் சொல்வேன், பயந்து சொல்ல மாட்டேன்.

காலரையும் சேர்த்து இஸ்திரி போடப் பழகுங்கள்.

உங்கள்,
சூப்பர்வைசர்